அப்பாவிடம் அல்சர் என்று சொல்லிவிட்டோம், டாக்டர் அவர் கையெழுத்தைக் கேட்கிறார்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, எடையும் குறைந்துவிட்டது. எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துச் சோதித்ததில் இரைப்பையில் புற்றுநோய் என்று வந்தது. கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்கிறது ஸ்கேன். டாக்டர் என்னையும் அண்ணனையும் தனியே அழைத்துச் சொன்னார். அப்பாவிடம் "வயித்துல அல்சர், கொஞ்சம் ஆழமா இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு விஷயம் தெரியும். அடுத்த வாரம் கீமோ தொடங்க வேண்டும். படிவத்தில் நாங்களே கையெழுத்துப் போடுகிறோம் என்றதற்கு, "என்ன சிகிச்சை என்று அவருக்குத் தெரியாமல் மருந்து ஏற்ற மாட்டேன், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்" என்கிறார் கீமோ டாக்டர். சொன்னால் அப்பா அன்றே உடைந்துபோவார், வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்பது அண்ணனின் கட்சி. அப்பாவோ இரண்டு நாளாக "அல்சருக்கு எதுக்குடா இத்தனை ஸ்கேன்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டர் செய்வது சரியா? நாங்கள் என்ன செய்வது?
(மதுரை மாவட்ட வாசகர்)

பதில்: கீமோ டாக்டர் சொல்வது சரி. கையெழுத்து உங்கள் அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். தனக்கு என்ன நோய், எதற்கு இந்த மருந்து என்று தெரிந்து அவர் போட்டதாகவும் இருக்க வேண்டும். அதற்காக நாளைக் காலையிலேயே அவரை உட்கார வைத்து, ரிப்போர்ட்டில் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேட்க வேண்டும். அண்ணன் என்ன நினைக்கிறார், டாக்டர் என்ன சொல்கிறார், அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அப்பா என்ன விரும்புகிறார் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

முதலில் கையெழுத்து விஷயத்தைப் பார்த்துவிடுவோம். 18 வயது நிறைந்து, சுயநினைவோடு, சொல்வதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவருக்காக மனைவியோ மகனோ சிகிச்சைக்குச் சம்மதம் தர முடியாது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தார். டாக்டர் வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் கேட்டுக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். டாக்டர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் வயது வந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று தீர்ப்பளித்து, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. சம்மதம் வாங்குமுன் நோயாளிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு வரிசைப்படுத்தியது: சிகிச்சை எப்படிப்பட்டது, எதற்காக, என்ன பலன், வேறு வழிகள் உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும். இந்த ஆறையும் அல்சர் என்ற பெயரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல முடியும்?

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அட்டெண்டர், அதாவது நோயாளிக்குத் துணையாக வந்தவர், கையெழுத்தை வாங்குவது வழக்கம்தான். பணம் கட்டுவதற்கும், கூட ஒருவர் இருந்தார் என்பதற்குச் சாட்சியாகவும் அது உதவும். நோயாளியின் சம்மதத்துக்கு ஈடாகாது. ஆகவே உங்கள் டாக்டர் அடம்பிடிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போட்டாலே போதும் என்று சொல்லும் ஆஸ்பத்திரி கிடைத்தால்தான் நான் உங்களுக்காகக் கவலைப்படுவேன்.

சட்டத்தைவிட அவசரமான காரணம் ஒன்று இருக்கிறது. கீமோ என்பது ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஏற்றிவிட்டு முடிகிற சமாச்சாரம் இல்லை. மீதி இருபது நாளும் நோயாளி வீட்டில்தான் இருப்பார். அந்த நாட்களில் தன் உடம்பை அவர்தான் கவனிக்க வேண்டும். இரைப்பைப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரும் ஒரு கூட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்கு ஒரு சுற்று. முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் நரம்பு வழியாக ஏறும். அதோடு கேப்சைடபின் மாத்திரை 14 நாளுக்குக் காலையும் இரவும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். பிறகு 7 நாள் மாத்திரைக்கு ஓய்வு. ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சியைத் தொட்டால் விரல்கள் சுரீரென்று குத்தும். ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிட்டது போல் இருக்கும். முன்பே சொல்லியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரோடு கடந்துவிடலாம். சொல்லாவிட்டால் நடு ராத்திரி ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடுவீர்கள்.

காய்ச்சல் இதைவிடப் பெரிய ஆபத்து. பொதுவாக மருந்து ஏறிய ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அன்றே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் கிருமி ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். தனக்கு அல்சர் என்று நம்புகிற மனிதர் என்ன செய்வார்? "வைரல் ஜுரமா இருக்கும்" என்று மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். வழக்கத்தைவிட ஒரு நாளில் நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு போனால் கேப்சைடபினை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவரோ வயிறு கெட்டுவிட்டது என்று மோரைக் குடித்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்வார். நேர்மாறாக, வயிறு கொஞ்சம் நன்றாக இருந்தால் "புண் ஆறிடுச்சு" என்று மாத்திரையை அவரே நிறுத்தவும் கூடும். பொய்யின் விலை இப்படித்தான் வந்து சேரும். கூடவே இருந்து எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு சுடுவது முதலில் அவருக்குத்தான் தெரியும்.

அண்ணனின் பயத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். அது அன்பில் பிறந்த பயம். நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1961-இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனை டாக்டர்களிடம் கேட்டபோது 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். அண்ணன் இன்று சொல்லும் காரணத்தைத்தான் அவர்களும் சொன்னார்கள்: நம்பிக்கை போய்விடும். 1979-இல் அமெரிக்காவில் இன்னொரு மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் சிகிச்சைகள் கூடின, நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் வளர்ந்தது. மேல்நாட்டுக்காரர்களுக்கு நெஞ்சு உரம் அதிகம், நம்மவர்களுக்கு இல்லை என்ற வாதத்துக்கு இதில் இடமில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நோயைப் பற்றித் தெரிந்த முதல் சில வாரங்கள் உண்மையிலேயே கவனம் தேவைப்படும் காலம். தற்கொலை ஆபத்து அந்த நாட்களில் கூடுகிறது என்று ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2012-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. அண்ணன் மனதுக்குள் பயப்படுவதும் ஒருவேளை இதுவாக இருக்கலாம். இதற்கு மறைப்பது மருந்தாகாது. சொன்ன பிறகு அவரைத் தனியாக விடாமல் இருப்பதுதான் மருந்து. முதல் வாரம் இரவில் யாராவது அதே அறையில் படுங்கள். வீட்டில் பூச்சிமருந்தோ, சேர்த்து வைத்த தூக்க மாத்திரையோ இருந்தால் முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள். "வாழவே வேண்டாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கோ, மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-க்கோ எந்த நேரமும் அழைக்கலாம்.

அப்பாவுக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்றே நினைக்கிறேன். "அல்சருக்கு எதுக்குடா இத்தனை ஸ்கேன்" என்பது விவரம் கேட்கும் கேள்வி போலத் தெரிந்தாலும், கதவைத் தட்டிப் பார்க்கும் கேள்வி அது. நீங்கள் பேச்சை மாற்றினால், இவர்களிடம் கேட்கக் கூடாது போலிருக்கிறது என்று புரிந்துகொள்வார். பிறகு உங்களுக்காக அவரும் தெரியாதது போல இருப்பார். ஒரே வீட்டில் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில் தனியாக அழும் நிலை இப்படித்தான் வருகிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும், கீமோ வார்டு வாசலில் இருக்கும் போர்டு சொல்லிவிடும். பக்கத்துக் கட்டிலில் சொட்டு ஏறிக்கொண்டிருப்பவர் "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்பார். காப்பீட்டு அட்டைக்கான படிவத்தில் நோயின் பெயர் இருக்கும். யார் வாயிலாகவாவது தெரியத்தான் போகிறது. அது ஒரு அந்நியர் வாயாக இருக்க வேண்டாம்.

இங்கே முதல் டாக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியைக் கேட்காமல் பிள்ளைகளைத் தனியே அழைத்துச் சொன்னதில்தான் இந்தச் சிக்கலே தொடங்கியது. டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. நோயாளியோ உறவினரோ பொறுப்பான நண்பரோ, நோயாளியின், குடும்பத்தின் நன்மைக்கு வேண்டிய அளவு தெரிந்து வைத்திருப்பதை டாக்டர் உறுதி செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. "உறவினர்" என்று இருக்கிறதே என்று அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள் பலர். அதே விதிகளில்தான் தொழிலின் வழியே அறிந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்பதும் இருக்கிறது. "ரிசல்ட் வந்ததும் உங்ககிட்ட தனியா பேசட்டுமா, பிள்ளைங்க கூட இருக்கும்போது பேசட்டுமா, இல்லை அவங்ககிட்ட மட்டும் சொன்னா போதுமா?" சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அன்றே டாக்டர் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க அரை நிமிடம் ஆகும். பதிலை ஓ.பி. சீட்டில் குறித்து வைத்தால், பிறகு யார் எந்த அறையில் என்ன சொல்வது என்ற தவிப்பே வராது.

அந்தக் கேள்வியை இப்போதும் கேட்கலாம். நீங்களே கேளுங்கள், டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்து அவர் சற்றுத் தெம்பாக இருக்கும் காலை நேரமாகப் பாருங்கள். வலி இருந்தால் முதலில் வலி மாத்திரை கொடுத்து அடங்கட்டும். "அப்பா, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போறோம். நோய் பத்தி, மருந்து பத்தி எல்லாத்தையும் அவர் உங்ககிட்டயே விளக்கமா சொல்லணுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதும்னு நினைக்கிறீங்களா?" இவ்வளவே போதும். பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

"எனக்குத் தெரியணும்" என்றால் வழி தெளிவு. "உங்ககிட்ட சொன்னா போதும்டா, நீங்க பார்த்து செய்ங்க" என்றால் அதுவும் அவருடைய உரிமைதான். தெரியாமல் இருக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அப்படி அவர் சொன்னதை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பார். ஆனால் அப்போதும் இது புண்ணுக்கான மருந்து இல்லை, வீரியமான மருந்து, காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற அளவுக்காவது அவருக்குத் தெரிய வேண்டும். இன்று வேண்டாம் என்றவர் அடுத்த மாதம் கேட்கலாம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். நீங்களாக முடிவு செய்து மறைப்பது வேறு, அவராக விலகிக்கொள்வது வேறு.

இதற்குள் அவரே நேருக்கு நேராக "எனக்குக் கேன்சராடா?" என்று கேட்டுவிட்டால் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவரை நடந்தது மறைப்பு, அது மன்னிக்கக்கூடியது. நேராகக் கேட்டபோது சொன்ன பொய்யை மன்னிப்பது கடினம். "ஏன்ப்பா அப்படித் தோணுது?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசியை அவரே சொல்லிவிடுவார். "நாங்களும் அதைத்தான் பயந்துக்கிட்டு இருக்கோம்ப்பா. டாக்டர்கிட்ட சேர்ந்தே போய்க் கேட்போம்" என்றால் அதில் பொய் இல்லை.

சொல்லும் பொறுப்பை டாக்டரிடம் விடுங்கள். வழக்கமான ஓ.பி. நேரத்தில் அது நடக்காது. வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கும்போது யாராலும் இதைச் சரியாகச் சொல்ல முடியாது. ஓ.பி. முடிந்த பின் இருபது நிமிடம் தனியாக வேண்டும் என்று நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்குங்கள். கீமோ தொடங்கும் அன்று காலையில் வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்பாவது இருக்கட்டும், யோசிக்கவும் மறுக்கவும் அவருக்கு அவகாசம் வேண்டும். அம்மாவும் அண்ணனும் நீங்களும் போதும். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று கூட்டம் சேர்க்காதீர்கள். அப்பாவுக்குக் காது மந்தம் என்றால் கருவியை மாட்டிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பாதிப் பேச்சு காதில் விழாமல் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

இப்படிப்பட்ட செய்தியைச் சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி கொண்ட ஒரு முறை 2000-ஆம் ஆண்டிலிருந்து மருத்துவக் கல்லூரிகளில் பயன்படுகிறது. 2019 முதல் இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் நோயாளியோடு பேசும் பயிற்சி கட்டாயப் பகுதி. அந்த ஆறில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, சொல்வதற்கு முன் கேட்பது. நல்ல டாக்டர் "உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று தொடங்குவார். அப்பா "ஏதோ பெரிசா இருக்குன்னு தெரியுது" என்றால் பாதித் தூரம் கடந்தாகிவிட்டது. அடுத்து ஓர் எச்சரிக்கை வாக்கியம் வரும்: "நாம நினைச்ச மாதிரி சாதாரணப் புண் இல்லைங்க." கொஞ்சம் நிறுத்தம். பிறகு பெயர்: "இது இரைப்பையில வந்திருக்கிற புற்றுநோய். கல்லீரலுக்கும் கொஞ்சம் போயிருக்கு." கட்டி என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் "ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க" என்பார், பேச்சு திசை மாறிவிடும்.

இரண்டாவது, சொன்ன பிறகு வரும் மௌனம். பெரும்பாலான சந்திப்புகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பத்து விநாடி அமைதியைத் தாங்க முடியாமல் டாக்டர் மருந்தின் பெயர்களை அடுக்கத் தொடங்குவார். மகன் "ஒண்ணும் ஆகாதுப்பா, இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு" என்பார். அம்மா அழுவார், எல்லாரும் அம்மாவைத் தேற்றப் போய்விடுவார்கள். நோயாளி பேச வாயெடுத்தது அப்படியே நின்றுபோகும். நீங்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அவர்தான் முதலில் பேச வேண்டும், அழுதாலும் சரி, கோபப்பட்டாலும் சரி. "ஏன்டா எங்கிட்ட மறைச்சீங்க?" என்று கேட்டால் டாக்டர் மேல் பழி போடாதீர்கள், நல்லதுக்குத்தான் என்று வாதாடாதீர்கள். "பயந்துட்டோம்ப்பா. இனிமே எதையும் மறைக்க மாட்டோம்." இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் அண்ணன். மறைக்கச் சொன்னவர் வாயிலிருந்து வரும்போதுதான் அப்பா நம்புவார்.

நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் சொன்னதாகிவிடாது. கீமோவின் நோக்கம் என்ன என்பதுதான் அதைவிட அதிகம் நழுவிப்போகும் விஷயம். அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வில், பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்ட நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 சதவீதமும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதமும், அந்த மருந்து தங்களைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. நோயின் பெயரை வெளிப்படையாகச் சொல்லும் நாட்டிலேயே நிலை இது. உங்கள் அப்பாவின் நிலையில் மருந்து நோயை அடக்கி வைக்கும், சாப்பாடு இறங்க உதவும், காலத்தை நீட்டும். முற்றிலும் ஒழிப்பது அதன் இலக்கு இல்லை. "இந்த மருந்து குணமாக்கவா, கட்டுக்குள்ள வைக்கவா?" என்று டாக்டரிடம் அப்பா முன்னிலையில் கேளுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் "உங்க தம்பி போன் பண்ணிக் கேட்டா என்னன்னு சொல்வீங்கப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலில்தான் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியும். தவறாகப் புரிந்திருந்தால் டாக்டரிடமே திருத்திவிடலாம்.

"எத்தனை நாள் இருப்பேன்?" என்று அவர் கேட்டால், எண்ணைச் சொல்லும் முன் எதற்காகக் கேட்கிறார் என்று டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும். பேத்தி கல்யாணமா, வீட்டுப் பத்திரமா, இல்லை பயமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பரவிய இரைப்பைப் புற்றுநோயில் கீமோவோடு நடு அளவு ஏறக்குறைய ஓராண்டு. பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருப்பார்கள், பாதிப்பேர் அதற்குள்ளும் போய்விடுவார்கள். "மாசக் கணக்குல யோசிக்கலாம், வருஷக் கணக்குன்னு உறுதியா சொல்ல முடியாது" என்பது நேர்மையான பதில். தேதி குறித்துச் சொல்லும் டாக்டரையும், "நூறு வயசு இருப்பீங்க" என்று சொல்லும் உறவினரையும் ஒரே மாதிரி தள்ளி வையுங்கள்.

அண்ணன் மனதில் இன்னொரு பயமும் இருக்கலாம்: தெரிந்துவிட்டால் கீமோவே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ? சொல்லலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. உடனே பதில் சொல்லச் சொல்லி நெருக்காமல், இரண்டு மூன்று சுற்று பார்த்துவிட்டு ஸ்கேன் எடுத்து, தொடர்வதா நிறுத்துவதா என்று அவரே முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லட்டும். எந்த நேரமும் நிறுத்தலாம் என்று தெரிந்தால் தொடங்கவும் பலர் தயங்க மாட்டார்கள். அப்படியும் வேண்டாம் என்றால் சிகிச்சை முடிந்துபோவதில்லை. வலிக்கு மருந்து உண்டு. வாந்திக்கு மருந்து உண்டு. உணவு இறங்கும் வழி அடைத்தால் எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்க முடியும். இந்தப் பராமரிப்பைக் கடைசிக் கட்டத்துக்கு என்று ஒதுக்காமல் கீமோவோடு சேர்த்தே தொடங்குங்கள். நுரையீரல் புற்றுநோயில் அப்படித் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுத்தவர்கள் நல்ல மனநிலையோடு, கூடுதல் காலமும் இருந்தார்கள் என்று 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

தெரிந்த பிறகு அவர் செய்ய விரும்பும் வேலைகள் இருக்கும். வங்கிக் கணக்கில் நாமினி, ஓய்வூதியத் தாள்கள், உயில். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு செய்வது கட்டாயமில்லை. கடைசிக் காலத்தில் வெண்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023-இல் அதை எளிதாக்கியும்விட்டது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். இதையெல்லாம் முதல் நாளே எடுக்க வேண்டாம். அவராக எடுக்கும்போது பேச்சை மாற்றாமல் இருந்தால் போதும்.

ஆஸ்பத்திரி மாற்றுவது பற்றி. இரண்டாவது டாக்டரின் கருத்துக் கேட்பது நல்லதே, தாராளமாகக் கேளுங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் மருந்து ஏற்றுபவரைத் தேடி மட்டும் மாற்றாதீர்கள். புது இடத்தில் பதிவு, சில சோதனைகள், காப்பீட்டு அனுமதி என்று வாரங்கள் ஓடும், சாப்பாடு இறங்காத உடம்புக்கு அந்த வாரங்கள் பெரிது. எங்கே போனாலும் பழைய பதிவுகள் வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பிரதி தர வேண்டும் என்பது அந்த 2002 விதிகளிலேயே இருக்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் போதாது. சதையைப் பதப்படுத்திய மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். இரைப்பைப் புற்றுநோயில் சிலருக்கு அது பாசிட்டிவாக இருக்கும், அவர்களுக்குக் கீமோவோடு சேர்க்க இன்னொரு மருந்து உண்டு. ரிப்போர்ட்டில் அல்சர் என்று எழுதித் தரும்படி எந்த டாக்டரையும் கேட்காதீர்கள். அது பொய் ஆவணம், காப்பீடும் கிடைக்காது.

சந்திப்புக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். முந்தின நாள் இரவு அப்பாவின் கேள்விகளை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், உங்கள் கேள்விகள் அதற்குக் கீழே வரட்டும். காய்ச்சல் வந்தால் கூப்பிட வேண்டிய இரவு நேரத் தொலைபேசி எண்ணை நர்ஸிடம் கேட்டு அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அப்பாவின் போனிலும் பதிந்து கொடுங்கள். வெப்பமானி ஒன்றும் வாங்கிவிடுங்கள்.